பரணில் கிடந்த கேசட் பெட்டி

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, தொழில் துறையில் இன்றைய வாய்ப்புகள் என்று ஏதாவது பேசு" என்றார். சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், அந்தத் தலைப்பில் பேச இந்த மேடையிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். எனக்கு ஹாஸ்டலில் கிடைத்து, பாடப் புத்தகத்தில் கிடைக்காத ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். விஷயம், ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் என்று சொல்கிறார்களே, அந்தப் பழைய ஆல்பங்கள். முன்வரிசையில் ஒன்றிரண்டு முகங்கள் சுருங்குவது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

2008ல் முதலாண்டு சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த அறையில் ஒரு பரண் இருந்தது. அதில் உடைந்த டிராஃப்டர் ஒன்று, துருப்பிடித்த கொசுவலைக் கம்பிகள், அப்புறம் கயிறு போட்டுக் கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. பிரித்தால் உள்ளே முப்பத்திரண்டு கேசட். கடையில் வாங்கியது நான்கைந்துதான். மற்றதெல்லாம் காலி டி.டி.கே., மெல்ட்ராக் கேசட் வாங்கிப் பதிவு செய்தவை. அட்டையில் நீல மையில், டிராயிங் ஷீட்டுக்கு எழுதுவது போல எண்ணி எண்ணி எழுதிய எழுத்து. பேர் எதுவும் இல்லை. 1990களில் அந்த அறையில் இருந்த யாரோ ஒரு அண்ணன் விட்டுப்போனது என்பது மட்டும் புரிந்தது. நாங்களெல்லாம் அப்போது பென் டிரைவில் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்த காலம். கேசட்டைத் தூக்கிப் போடத்தான் எடுத்தேன். அறைத் தோழன்தான், "ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுப் போடேன்டா" என்றான். ஊரிலிருந்து வீட்டின் பழைய டூ-இன்-ஒன் ஒன்றைக் கொண்டு வந்தேன்.

முதலில் போட்டது பிளாக் சாபத் என்ற குழுவின் முதல் ஆல்பம். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. மழைச் சத்தம் கேட்கிறது, இடி இடிக்கிறது, தூரத்தில் ஒரு கோயில் மணி. டேப் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு கிட்டார் வந்தது. மூன்றே சுரம். அவ்வளவுதான், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

அந்த மூன்று சுரத்தை நம் கணக்கில் சொல்கிறேன். ஒரு சட்ஜம், அதன் மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சைத்தானின் சுரம் என்றே சொல்லியிருக்கிறார்கள். நம் 72 மேளகர்த்தாவில் சரிபாதி, 36 ராகம், பிரதி மத்யமம்தான். அதில் 65வது கல்யாணி. கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் ஊதுகிற கல்யாணியில் சைத்தான் எங்கே இருக்கிறது? ஆகவே பயம் அந்தச் சுரத்தில் இல்லை. மெதுவாக, பக்கத்தில் வேறு எந்தச் சுரத்தையும் துணைக்கு வைக்காமல், கனத்தோடு அதை இறக்கி வைக்கிற விதத்தில் இருக்கிறது. பேருக்கும் இதே கதைதான். அவர்கள் ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிரே ஒரு சினிமா கொட்டகையில் பிளாக் சாபத் என்ற பேய்ப்படம் ஓடியதாம். காசு கொடுத்துப் பயப்பட இத்தனை கூட்டமா, பயமுறுத்துகிற மாதிரி நாம் ஒரு பாட்டுப் போட்டால் என்ன என்று யோசித்திருக்கிறார்கள். விட்டலாச்சார்யா படத்துக்குப் பெஞ்சு டிக்கெட் வாங்கிப் போனவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

அந்த முதல் ஆல்பத்தைக் கிட்டத்தட்ட ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். நாம் சர்வே கேம்ப் ரிப்போர்ட்டை எழுதி முடித்த மாதிரி. ஆனால் அவர்களுடையது இன்னும் நிற்கிறது.

இனி கொஞ்சம் பாடம். எலக்ட்ரிக்கல் பிரிவினர் தூங்கலாம், உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆம்பிளிஃபயருக்கு ஒரு சைன் அலையைக் கொடுக்கிறோம். அது தாங்குகிற அளவுக்கு மேல் கொடுத்தால் அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். ஆசிலோஸ்கோப்பில் இதைப் பார்த்தால் நம் லேப் சார் என்ன சொல்வார்? "ரீடிங் தப்பு, இன்புட்டைக் குறை." அலையின் தலையை வெட்டினால் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் ஹார்மோனிக்ஸ் கூடும். நான் இன்று சோறு தின்பதே மோட்டார் டிரைவுகளில் இந்த ஹார்மோனிக்ஸைக் குறைத்துக் கொடுப்பதால்தான். இங்கிலாந்தில் ஜிம் மார்ஷல் 1960களில் செய்த வால்வு ஆம்பிளிஃபயர்களும் சுத்தமான சத்தம் தரவே வடிவமைக்கப்பட்டவை. பையன்கள் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைக்க, வால்வு திணறித் திணறி அந்தக் கரகரப்பு பிறந்தது. வால்வுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது டக்கென்று வெட்டாது, மெல்ல வளைத்து வெட்டும். அதனால் காதைக் கீறாமல், தொண்டை கட்டிய நல்ல பாடகர் பாடுவது போல இருக்கும்.

இன்னொன்று. இந்த ஆல்பங்களில் கிட்டார்காரர் பெரும்பாலும் முழு கார்டு போடுவதில்லை. இரண்டே சுரம், சட்ஜமும் பஞ்சமமும். பவர் கார்டு என்பார்கள். கிட்டாரின் கடைசித் தந்தி 82 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் சுமார் 123. சுத்தமான ஆம்பிளிஃபயரில் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். கரகரக்கிற ஆம்பிளிஃபயரில் இரண்டும் கலந்து, கழித்தால் வருகிற 41 ஹெர்ட்ஸும் கூடவே பிறக்கும். அந்தச் சுரத்துக்குக் கிட்டாரில் தந்தியே கிடையாது! யாரும் மீட்டாத ஒரு கீழ்ச் சட்ஜம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஹெவி என்று சொல்கிற அந்தக் கனத்தில் பெரும்பங்கு இதுதான். வால்யூம் இல்லை. வால்யூமைக் குறைத்து வைத்துக் கேட்டாலும் இந்த ஆல்பங்கள் கனமாகவே இருக்கும், சோதித்துப் பாருங்கள். காந்தாரத்தையும் சேர்த்துப் போட்டால் கழித்தல் கணக்கெல்லாம் குழம்பிச் சேறாகிவிடும். அதனால்தான் ச, ப மட்டும்.

நமக்கு இது புதிதா என்றால் இல்லை. தம்புராவின் சுருதி என்ன? ச, ப. அதன் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவா என்று ஒரு சின்ன நூலைச் சொருகி, தந்தியை வேண்டுமென்றே ரீங்கரிக்க விடுகிறோம். நூலை எடுத்துவிட்டால் தந்தி சுத்தமாகத்தான் ஒலிக்கும், ஆனால் யாரும் அதை வைத்துக்கொண்டு பாட உட்கார மாட்டார்கள். நம் ஊர்ப் பக்கம் உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்துத் தேய்த்து ஒரு முனகலைக் கொண்டுவருவாரே, அது என்ன சுத்தமான ஒலியா? ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையில் பம்பைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? அப்படி நின்ற காதுதான் என்னுடையது. மெட்டல் ஆல்பம் அதற்கு அந்நியமாகப் படவே இல்லை.

பம்பைக்கு முன்பே என் காதில் விழுந்தது தறி. எனக்கு ஊர் குமாரபாளையம். அப்பா எட்டு விசைத்தறி வைத்திருந்தார். தறிப்பட்டறைக்குச் சுவர் ஒட்டினாற்போல் எங்கள் வீடு. கரண்ட் போனால்தான் வீட்டில் ஒருவருக்கொருவர் சாதாரணக் குரலில் பேசுவோம். இந்தச் சபையில் பாதிப்பேர் பள்ளிபாளையம், திருச்செங்கோடு, குகை, அம்மாபேட்டை என்று இப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள். மீதிப்பேருக்கு நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறையின் சுத்தியல், அல்லது போர்வெல் ரிக் வண்டியின் கம்ப்ரஸர்.

அதனால் டோனி அயோமியின் கதையைப் படித்தபோது எனக்கு அது பக்கத்துத் தெருக் கதை மாதிரி இருந்தது. பிளாக் சாபத்தின் கிட்டார்காரர். ஊர் பர்மிங்காம். நம் பக்கத்தைப் போலவே பட்டறையும் ஃபவுண்டரியுமான ஊர். பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வெல்டர் வேலை. பாட்டுக் குழுவோடு போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் இனிப் போகவேண்டாம் என்று உட்கார்ந்துவிட, அம்மா, "எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்புகிறார். வழக்கமாக ஒரு மெஷினில் நிற்கும் ஆள் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த மெஷினில் இவரை நிறுத்துகிறார்கள். வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போய்விட்டன. அவர் இடதுகைப் பழக்கம், ஆகவே தந்தியை அழுத்துவது வலது கை.

நம் ஊர் பிரஸ் பட்டறைகளில் விரல் இழந்தவர்களை நமக்கெல்லாம் தெரியும். பெரும்பாலும் கதை அங்கே முடிந்துவிடும். இவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாராம். தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிப் போய், மிச்ச விரல்களால் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். கனமான தந்தியை அழுத்த முடியவில்லை, பேஞ்சோவின் மெல்லிய தந்தியைப் போட்டார். பிறகு தந்தியின் இறுக்கத்தையே தளர்த்தினார். 1971ல் வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்தில் மூன்று அரைச்சுரம் கீழே இறக்கிச் சுருதி கட்டியிருக்கிறார். இன்றைக்கு உலகம் முழுக்க மெட்டல் குழுக்கள் சுருதியை இறக்கி வாசிக்கிறார்களே, அதற்கு ஊற்று அந்த மெஷின்தான்.

அதே பர்மிங்காம் வட்டாரத்திலிருந்து அடுத்து ஜூடாஸ் பிரீஸ்ட். அதன் கிட்டார்காரர்களில் ஒருவரான கிளென் டிப்டன் பிரிட்டிஷ் ஸ்டீல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1980ல் அவர்கள் போட்ட ஆல்பத்துக்குப் பேரே பிரிட்டிஷ் ஸ்டீல். அதில் இரும்பு மனிதர்கள் நடந்துவரும் சத்தம் தேவைப்பட்டபோது, ஸ்பூனும் முள்கரண்டியும் அடுக்கிய தட்டைக் குலுக்கிப் பதிவு செய்தார்கள். நமக்கு சேலம் உருக்காலை உற்பத்தி தொடங்கியது அடுத்த ஓரிரு வருடத்தில். நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் எவர்சில்வர் தட்டு அடுக்குகிற சத்தத்தை யாரும் பதிவு செய்யவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஆல்பம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தனிப் பாட்டு வேறு, ஆல்பம் வேறு. கேசட்டில் பாட்டைத் தாண்டிப் போவது பெரிய வேலை. அதனால் முதல் பாட்டிலிருந்து கடைசிவரை, அவர்கள் வைத்த வரிசையில், பிடிக்காததையும் சேர்த்துக் கேட்டோம். பிடிக்காத பாட்டு மூன்றாம் வாரம் பிடித்துப்போகும். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு அறை இருக்கும். இதை நான் உவமையாகச் சொல்லவில்லை, நிஜ அறை. லெட் செப்பலின் குழுவின் நான்காம் ஆல்பம், 1971. அதன் கடைசிப் பாட்டின் டிரம்ஸை ஒரு பழைய பங்களாவின் மாடிப்படிக் கூடத்தில் கீழே வைத்து, மைக்கை மேலே தொங்கவிட்டு எடுத்தார்கள். கோயில் மண்டபத்தில் தவில் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு முழக்கம். போதாதென்று டேப்பின் வேகத்தையும் குறைத்தார்கள். டீப் பர்ப்பிளின் மெஷின் ஹெட், 1972. சுவிட்சர்லாந்தில் அவர்கள் பதிவு செய்ய இருந்த கட்டடம் எரிந்துபோக, சீசன் முடிந்து காலியாகக் கிடந்த ஒரு ஹோட்டலில் எடுத்தது. அதில் ஆர்கன் வாசிக்கும் ஜான் லார்டு, ஆர்கனைக் கிட்டாருக்கான மார்ஷல் ஆம்பிளிஃபயரில் செருகிவிட்டார். எது கிட்டார், எது ஆர்கன் என்று எனக்குப் பிரித்துச் சொல்லவே ஆறு மாதம் ஆனது.

ஏசி/டிசி குழுவின் பேக் இன் பிளாக், 1980. பாடகர் பான் ஸ்காட் அந்த வருடம் பிப்ரவரியில் இறந்துபோனார். ஜூலையில் புதுப் பாடகரோடு ஆல்பம் வந்துவிட்டது. முதல் பாட்டு மணியோசையோடு தொடங்கும். லஃப்பரோ நகரத்தில் ஒரு கோபுர மணியைப் பதிவு செய்யப் போனார்களாம். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே குடியிருந்த பறவைகள் படபடவென்று பறந்து டேப்பில் இறக்கைச் சத்தம். கடைசியில் மணி வார்க்கும் பட்டறையிலேயே, அவர்களுக்கென வார்த்த மணியை அடித்து எடுத்தார்கள். அந்த ஆல்பத்தில் கவனியுங்கள், கிட்டாரில் கரகரப்பு மற்றவர்களைவிடக் குறைவு. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சுத்தமான மௌனம். அடியைவிட அந்த இடைவெளிதான் கனம்.

இந்தக் கேசட்டை ஒரு செமஸ்டர் லீவில் ஊருக்கு எடுத்துப்போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடவில்லை. திண்ணையில் வைத்துப் பாட விட்டேன். அப்பா வந்து உட்கார்ந்தார். அவருக்குக் காது மந்தம். முப்பது வருடம் தறிக்கு நடுவே நின்றவர். "கேக்குதுங்களாப்பா?" என்றேன். "பாடறவன் என்ன சொல்றான்னு தெரியல கண்ணு" என்றார். எனக்கே தெரியவில்லை, அது வேறு விஷயம். பிறகு அவராகவே உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தார். துணியின் நெசவைத் தடவிப் பார்ப்பாரே, அதே மாதிரி. ஒரு பாட்டு முழுக்கக் கையை எடுக்கவில்லை. முடிந்ததும் சொன்னார்: "இதுல எல்லாத் தறியும் ஒண்ணா அடிக்குது. நம்ம பட்டறையில ஒரு நாளும் அப்படி அடிச்சதில்ல."

நான் இந்த இசையைப் பற்றி எவ்வளவோ விமர்சனம் படித்திருக்கிறேன், அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. எட்டுத் தறி எட்டு வேகத்தில் ஓடினால் இரைச்சல். ஐந்து பேர் ஒரே நாடாவைப் போலப் போய்வந்தால் ஏசி/டிசி.

2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு பேலஸ் மைதானத்தில் மெட்டாலிகா வாசித்தார்கள். தீபாவளி முடிந்து நாலாம் நாள். நான் இறுதியாண்டு. தீபாவளித் துணிக்குக் கொடுத்த பணம் டிக்கெட்டாகிவிட்டது. ஐந்து பேர் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறி, தொப்பூர் கணவாய் தாண்டும்வரை மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் ஆல்பத்தைப் பற்றிச் சண்டை போட்டோம். 1986ல் வந்தது அது. வலது கையை மேலிருந்து கீழாக மட்டுமே அடித்து, உள்ளங்கையால் தந்தியை அமுக்கிப் பிடித்து, தறி நாடாவின் வேகத்தில் எட்டு நிமிடம் போகிற பாட்டு. அந்த வருடமே செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து, பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்துவிட்டார், வயது இருபத்துநான்கு. அடுத்த ஆல்பத்தில் பேஸ் கிட்டார் ஏறக்குறையக் கேட்கவே கேட்காது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதுதான் பஸ்ஸில் சண்டை.

நிகழ்ச்சி எப்படி இருந்தது? ஒளிக்காமல் சொல்கிறேன், ஆல்பம் அதைவிட நன்றாக இருக்கும். ஆனால் அத்தனை ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் குதித்தபோது தரை ஆடியது உடம்பில் இன்னும் இருக்கிறது. நாங்கள் ஸ்பீக்கர் கோபுரத்துக்கு நேரெதிரே, முண்டியடித்துப் பிடித்த இடம். இரவு பஸ்ஸில் திரும்பும்போது ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அதையே பெருமையாகச் சிரித்துக்கொண்டு வந்தோம். காலையில் சேலத்தில் இறங்கி இன்டர்னல் டெஸ்ட்டுக்குப் போனால், அமைதியான ஹாலில் என் காதுக்குள் மட்டும் கீ என்று ஒரு சத்தம். மூன்று நாள் நிற்கவில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போனபோது பயந்துபோய் அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "சில்வண்டு கத்தற மாதிரியா?" என்று கேட்டார். ஆமாங்கப்பா என்றேன். "எனக்குத் தறிய நிறுத்தினாலும் அது நிக்கறதில்ல கண்ணு. நீ பொறக்கறதுக்கு முந்தியிருந்தே இருக்குது" என்றார். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். எனக்கு அன்றுதான் தெரியும். நான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்ததை, அவர் கூலியோடு சேர்த்து வாங்கியிருந்தார்.

பிறகுதான் சேலத்தில் அவருக்குக் காது பரிசோதனை செய்தோம். வரைபடத்தைப் பார்த்தேன். கீழ் அதிர்வெண்ணில் ஓரளவு சமமாக வந்து, 4000 ஹெர்ட்ஸில் கிணறு மாதிரி ஒரு பள்ளம். இரைச்சலில் கெட்ட காதின் கையெழுத்து அது. உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து தேய்ந்துபோகும். பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. ஸ்பீக்கர் பெட்டியில் அவர் ஏன் கையை வைத்தார் என்பதும் அப்போது விளங்கியது.

கணக்குச் சொல்லிவிடுகிறேன், தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள். 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதி. 100 டெசிபெலில் வெறும் 15 நிமிடம். தறிப்பட்டறை நூறுக்குப் பக்கத்தில் நிற்கிறது, கச்சேரி மைதானம் சாதாரணமாக அதைத் தாண்டும். காதில் செருகும் நுரை அடைப்பானின் விலை ஒரு டீயைவிட அதிகமில்லை. எங்கள் பட்டறையில் ஒரு பாக்கெட் வாங்கி வைத்தேன். "நூல் அறுந்தா சத்தத்துலதான் கண்டுபிடிப்போம், இதை மாட்டினா எப்படி?" என்று ஆட்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மாட்டிக்கொண்டும் நூல் அறுவது தெரிகிறது என்று அவர்களுக்கே புரிய இரண்டு மாதம் ஆனது. ஏசி/டிசியின் புதுப் பாடகர் என்று சொன்னேனே, பிரையன் ஜான்சன், அவரே 2016ல் காது கெட்டுப்போய்ப் பாதிச் சுற்றுப்பயணத்தில் நின்றுவிட்டார். பிறகு தனியாகக் கருவி செய்து மாட்டிக்கொண்டுதான் மேடைக்குத் திரும்பினார்.

ஆல்பங்களிலும் அந்த வியாதி வந்தது. மெட்டாலிகாவின் டெத் மேக்னெட்டிக், 2008. சத்தம் பெரிதாகக் கேட்கவேண்டும் என்று கடைசிக் கட்டத்தில் எல்லாவற்றையும் கூரையில் முட்டும்வரை ஏற்றிவிட்டார்கள். கிட்டார் மட்டுமில்லாமல் டிரம்ஸ், குரல் எல்லாமே வெட்டுப்பட்டுவிட்டது. ரசிகர்களே கையெழுத்து வாங்கி மனுப் போட்டார்கள். வீடியோ கேம் ஒன்றுக்காகக் கொடுத்த பதிவு, விற்ற சி.டி.யைவிடச் சுத்தமாக இருந்தது என்பது வேடிக்கை. 1970ல் பர்மிங்காம் பையன்கள் செய்ததும் அலையை வெட்டுவதுதான். ஆனால் எதை வெட்டவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று காதை வைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள்.

2025 ஜூலை 5ஆம் தேதி அதே பர்மிங்காமில், வில்லா பார்க் மைதானத்தில், பிளாக் சாபத்தின் ஆதி நால்வரும் கடைசியாக ஒன்றுகூடி வாசித்தார்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நிற்க முடியாமல் நாற்காலியில் அமர்ந்து பாடினார். பதினேழாம் நாள், ஜூலை 22ல், காலமானார். செய்தி வந்த அன்று குமாரபாளையத்தில்தான் இருந்தேன். அப்பா காதுக் கருவி மாட்டியிருந்தார். பெட்டியிலிருந்து அந்த முதல் கேசட்டை எடுத்துப் போட்டேன். மழைச் சத்தம் வந்ததும் அவர் எழுந்து வாசலைப் பார்த்தார். மழைச் சத்தத்தை அவர் கேட்டு எத்தனை வருடம் ஆகியிருந்ததோ, நான் கேட்கவில்லை.

இப்போது நான் பேச வந்த முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். இந்தச் சபையில் 1990களில் படித்த அண்ணன்கள் நூறு பேருக்கு மேல் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவர் பழைய ஹாஸ்டல் மாடியில், கிழக்கு ஓரத்து அறையில் இருந்தவர். டிராயிங்கில் நல்ல மார்க் வாங்கியிருப்பீர்கள், எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அறுபது நிமிடக் கேசட்டில் நாற்பது நிமிட ஆல்பத்தை இரண்டு பக்கமாகப் பிரித்துப் பதிவு செய்தபின், மிஞ்சிய இடத்தை வீணாக்காமல் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் இளையராஜா பாட்டு ஒன்றிரண்டு பதிவு செய்து வைத்திருந்தீர்கள். அதனால் பிளாக் சாபத் முடிந்தால் மௌன ராகம் வரவேண்டும் என்று என் மூளையில் பதிந்துபோய், இன்றுவரை சி.டி.யில் கேட்டால் ஏதோ குறைகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் டூ-இன்-ஒன்னின் பெல்ட் தளர்ந்து, எல்லாக் கேசட்டும் முக்கால் சுரம் கீழே, கொஞ்சம் மெதுவாக ஓடியது. அதுதான் அசல் என்று நான்கு வருடம் நம்பியிருந்தேன். வேலைக்குப் போய் சி.டி. வாங்கிக் கேட்டபோது, இத்தனை அவசரமாகவா வாசித்தார்கள் என்று ஏமாற்றமாக இருந்தது. பெல்ட்டை நான் மாற்றவில்லை.

பெட்டி வெளியே காரில் இருக்கிறது. முப்பத்திரண்டில் முப்பது கேசட் ஓடுகிற நிலையில் உள்ளன. இரண்டின் டேப் சிக்கிக்கொண்டது, மன்னிக்கவும். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அண்ணன் வந்து வாங்கிக்கொள்ளலாம், அடையாளத்துக்கு ஒரு வரி எழுதிக் காட்டினால் போதும். முதல் ஆல்பம் உள்ள கேசட்டை மட்டும் தர மாட்டேன். அதற்குப் பதில் புதுசாக ஒன்று பதிவு செய்து வைத்திருக்கிறேன், இளையராஜா பாட்டோடு சேர்த்து. என் டூ-இன்-ஒன் வேகத்தில்தான் பதிந்திருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கண்ணா.